ஆறு டிரில் வாத்தியார்கள்

மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் முதல் வளைவிலேயே பெட்டி மாட்டிக்கொண்டது. ஒரு முனை கைப்பிடிக் கம்பியிலும் மறு முனை மின்சார மீட்டரிலும் இடித்துக்கொண்டு நிற்க, தூக்கி வந்த ஆறு பேரும் ஆறு விதமாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் சாய்க்கச் சொன்னார் ஒருவர். யாரும் சாய்க்கக் கூடாது என்றார் இன்னொருவர். பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருந்த மகளுக்கு, உள்ளே அப்பா லேசாகச் சரிகிற சத்தம் கேட்டது. பகீரென்றது.

ராணுவத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நடை பழக்குகிற டிரில் வாத்தியார் அப்பா. பொட்டலம் மாதிரி வந்து இறங்குகிறவர்களை நிமிர்த்தி நிறுத்துவதுதான் அவர் பிழைப்பு. ஒருவன் தோள் கொஞ்சம் சாய்ந்தாலும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார். முந்தின நாள்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார். பேப்பரில் வந்த ஏதோ துணுக்கைப் படித்துக் காட்டிச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றினார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷனைக் கோணல்மாணலாகக் கீழே கொண்டுபோனால் அவர் மானம் என்னாவது? அப்பா நேராக இறங்க வேண்டும். மகளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆறு பேரும் அவர் கையில் பழகியவர்கள். அதனால்தான் நான் நீ என்று முந்திக்கொண்டு தோள் கொடுக்க வந்திருந்தார்கள். வம்பு என்னவென்றால், ஆறு பேருமே இப்போது டிரில் வாத்தியார்கள். உத்தரவு போட்டே பழகிய வாய்கள். பிறர் சொல்லிக் கேட்டு நடந்து வெகுகாலமாகிவிட்டது. அப்பாவால் மீசை என்று பெயர் சூட்டப்பட்டவர் முன்னாலிருந்து எண்ண ஆரம்பித்தார். பின்னால் நின்ற நெட்டைக்கு அந்த எண்ணிக்கை பிடிக்கவில்லை. தானாக ஒன்றிலிருந்து தொடங்கினார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, என்ன கலவரமோ என்று சாத்திக்கொண்டார்.

மகளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முந்திக்கொள்ளுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அணி... நில்."

ஆறு பேரும் நின்றார்கள். மீசையின் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. மகள் திரும்பிப் பார்த்தாள். மேல்படியில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே அந்தக் கட்டடத்தில் பலருக்குத் தெரியாது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றாலும் தட்டில் கரண்டியால் தட்டுவாள். வீட்டுக்கு ஒரு தொண்டை போதும் என்பாள். இப்போதும் அவள் கத்தவில்லை. வயிற்றிலிருந்து எடுத்து, அப்பா செய்வதுபோல, முதல் சொல்லை இழுத்து அடுத்ததை வெட்டினாள்.

"நெட்டையா இருக்கிறவங்க மேல நின்னா பெட்டி சாயாம என்ன செய்யும்? இறங்கும்போது உயரமானவங்க கீழ, குட்டையானவங்க மேல. ஏறி வந்து மாத்தி நில்லுங்க."

சரிம்மா என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. அணியில் பேசக் கூடாது. ஏறினார்கள், இறக்கி வைத்தார்கள், இடம் மாறினார்கள். வாயைப் பிளந்துகொண்டு நின்ற மகள், இதெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாய் என்று அம்மாவின் காதைக் கடித்தாள். அம்மா வெட்கப்பட்டாள். கல்யாணமான புதிதில்தான் அப்பாவுக்கு இந்த வேலை கிடைத்ததாம். உத்தரவு தப்பினால் பையன்கள் சிரிப்பார்களே என்று வெலவெலத்துப் போனாராம். அதனால் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் ஒத்திகை. ஒரு நாள் அவர் வாத்தியார், அம்மா புதுப் பையன். மறுநாள் அம்மா வாத்தியார்.

"உங்கப்பா என்கிட்ட வாங்காத திட்டா," என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். விடிந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பெட்டி மறுபடி தோளேறியது. லெஃப்ட், ரைட் என்று படிக்கு ஒரு சொல்லாக அம்மா சொல்லிக்கொண்டே இறங்கினாள். கால் படியைத் தொடுகிற அந்தக் கணத்தில் சொல் விழுந்தது, முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. வளைவில் மெதுவாக என்று மட்டும் சொன்னாள். மீட்டரைத் தொடாமல் பெட்டி திரும்பியது. கீழ்வீட்டுக்காரர் மறுபடி கதவைத் திறந்தவர், இந்தத் தடவை பனியனோடு விறைப்பாக நின்றுவிட்டார். மீசை சிரித்துக்கொண்டே அழுதார். துடைக்கக் கை காலியில்லை. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா ஒரு சாய்வு இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார், அதுவும் அம்மா சொல்லுக்கு.

வாசலில் வண்டி பின்கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தது. பெட்டியை வாங்கி உள்ளே தள்ள ஓட்டுநர் கையை நீட்டினார்.

லெஃப்ட், ரைட், லெஃப்ட். ஆறு பேரும் வண்டியைத் தாண்டிப் போனார்கள். உத்தரவு இல்லாமல் நிற்பது அவர்கள் படித்த பாடத்தில் இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, ஓட்டுநர் மகளைப் பார்த்தார்.

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்த மகள் அவள் தோளைத் தொட்டாள்.

"அம்மா, வண்டி இங்க நிக்குது. நில்லுன்னு சொல்லும்மா."

அம்மாவின் கண் அவர்கள் கால்களை விட்டு நகரவில்லை.

"தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."

எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். முடிதிருத்தும் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, பெட்டி வெயிலில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. லெஃப்ட், ரைட் என்று சொல்லியபடி அம்மா பின்னால் நடந்தாள். ஓட்டுநர் பின்கதவைச் சாத்தாமலேயே வண்டியைக் கிளப்பி, அவளுக்குப் பின்னால் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார்.