மோர்க்காரி தலையில் கிரீடம்

மேல்மலையனூர் அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சத்தியமாகச் சொல்கிறேன்: கீழே வரும் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்று யாராவது காட்டிவிட்டால், சாகிற வரைக்கும் சர்க்கரை போடாத டீ குடிக்கிறேன். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

அறுபத்து நாலாம் வருஷம், சித்திரை மாதம். செஞ்சியில் ராஜாங்கம் வாத்தியாரின் கூத்து ஜமாவில் நான் கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் வந்து நிற்கிற வேஷத்தை, "யார் நீ, எந்த ஊரு?" என்று கேட்டுக் கேலி பண்ணுவது என் வேலை. பெண்வேஷம் கட்டுகிறவன் என் கூட்டாளி துரைக்கண்ணு. ஜமாவில் அவனுக்கென்று இருந்தது ஒரே உடுப்பு, அம்மன் உடுப்பு. சிவப்புப் புடவை, அவிழ்த்துவிட்ட சவுரி, கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடம்.

அந்த வேஷத்தை அவன் கட்டினால், மேலே பறக்கிற பருந்துகூட ஆகாயத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் போகும். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதனால் துரைக்கண்ணு பட்ட பாடு கொஞ்சமல்ல. வேஷம் கலைத்த பிறகும் ஊர் அவனை மனிதனாக நடத்தவில்லை. டீக்கடைக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சீட்டாட்டத்தில் சேர்த்துக்கொண்டால் வேண்டுமென்றே தோற்பார்கள். சவரம் செய்கிறவர் கத்தியைத் தீட்டுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பார். அவன் பெண்டாட்டி பூவாயிகூட அவனைத் திட்டுவதற்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"என்னப் பாத்து ஒரு ஆளும் சிரிக்கிறதில்லடா," என்றான் ஒருநாள் சக்கரக்குளத்துப் படியில் உட்கார்ந்து. "நேத்து ஒரு தமாஷ் சொன்னேன். அருள்வாக்குன்னு நெனச்சு விபூதி கேக்குறாங்க."

அழுதுவிடுவான் போலிருந்தது. அவனுக்காகத்தான் சின்னப்பொண்ணுவை உண்டாக்கினேன். எந்தப் புராணத்திலும் இல்லாதவள், முழுக்க என் கற்பனை. கோட்டையைப் பகைவர் முற்றுகை போட்டிருக்கிற காலத்தில் மோர் விற்கிறவள். உள்ளே இருக்கிற சிப்பாய்க்கும் விற்பாள், வெளியே இருக்கிற சிப்பாய்க்கும் விற்பாள். இரண்டு பேருக்கும் தண்ணீர் கலப்பதில் பாரபட்சம் பார்க்க மாட்டாள். வாய் ஓயாது, கால் ஒரு இடத்தில் நிற்காது. ராஜாவுக்குப் பயப்பட மாட்டாள். பல்லிக்குப் பயப்படுவாள்.

வாத்தியாருக்குப் பாத்திரம் பிடித்துவிட்டது. உடுப்பு விஷயத்தில்தான் கையை விரித்தார்.

"புதுசுக்கு எங்கடா போறது? இருக்கிறத மாட்டு. சூலத்த வாங்கி வெச்சுட்டு மோர்ப்பானைய குடு. ஆச்சு, மோர்க்காரி!"

பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத கோடை அது. ஆகவே கோட்டைக்கு முன்னால் மைதானத்தில் பட்டப்பகலில் கூத்து. இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். "யாரும்மா அது, வெயில்ல பானையத் தூக்கிக்கினு?" என்று கேட்டேன். திரை விலகியது. துரைக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்த பவுனம்மாள் எழுந்துவிட்டாள். கீரை விற்கிற கிழவி. இடுப்பில் எப்போதும் கற்பூரமும் தீப்பெட்டியும் இருக்கும்.

"தாயே, பானையோட வந்துட்டியா! எங்களுக்கு மழையக் குடு!"

கற்பூரம் எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நாலைந்து பேருக்குச் சாமி வந்துவிட்டது. துரைக்கண்ணு விடவில்லை. "மோரு! மோரேய்!" என்று கூவிக்கொண்டு இடுப்பை ஆட்டி ஓடினான். ஓடின வழியில் எல்லாரும் மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள். மோரைத் தீர்த்தமாக உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்கள். கடைசி ஆயுதமாகப் பல்லியைப் பார்த்துக் கத்துகிற இடத்தை நடித்தான்.

"அம்மாவே பயப்படுதுன்னா ஊருக்கு இன்னா கேடு வரப்போவுதோ!" என்று மைதானமே அழுதது.

அன்றைக்கு வேஷம் கலைக்கும்போது துரைக்கண்ணு சொன்னான்: "வர்ற வெள்ளிக்கிழம சந்தையில இன்னொரு தரம் ஆடுறேன். அன்னிக்கும் ஒருத்தரும் சிரிக்கலேன்னா சலங்கைய வாத்தியார்கிட்ட குடுத்துட்டு, மெட்ராசுக்குப் போயி பஸ்ல கிளீனரா சேந்துடுவேன். அங்க யாருக்கும் என்னத் தெரியாது. நாலு பேரு வாய்க்கு வந்தபடி திட்டுவான்." கடைசி வார்த்தையை மிட்டாய் மாதிரி சப்பிச் சொன்னான். அவன் போனால் நான் யாரைக் கேலி பண்ணுவது?

அவனை இழுத்துக்கொண்டு தையல்காரர் சாந்த் பாஷாவிடம் போனேன். ஊரில் துரைக்கண்ணுவின் முதுகில் தட்டிப் பேசுகிறவர் பாய் ஒருவர்தான். அதற்காகவே அவன் கிழியாத சட்டையையெல்லாம் தைக்கக் கொண்டுபோவான்.

பாய் டேப்பை உருவினார். "அளவு யாருக்கு? உனக்கா, அந்தம்மாவுக்கா?"

"அந்தம்மாவுக்குத்தான் பாய்," என்றேன்.

"அப்ப அந்தம்மாவப் பத்திச் சொல்லு. பொய் சொல்லுமா?"

"மூச்சு விடுற நேரம் போக மத்த நேரம்லாம்."

"பலே," என்று மிஷினில் உட்கார்ந்துவிட்டார். பச்சை சாட்டின், தங்க ஜரிகை, தரையைக் கூட்டுகிற பாவாடை. அவர் தைத்த வேகத்தில் மிஷினிலிருந்து புகை வந்து, பக்கத்துக் கடைக்காரர் அதில் பீடி பற்றவைத்துக்கொண்டார். உள்ளே இருந்து பாயின் மனைவி மெஹபூப் பீ எட்டிப் பார்த்தாள்.

"இது மோரு விக்கப் போற பொம்பளையா, நிக்காவுக்குப் போற பொம்பளையா?"

"ஆமா, உங்கிட்டதான் கேக்கணும்," என்றார் பாய்.

"கேட்டாத்தான் இன்னா? இந்தப் பாவாடையில கோட்ட மலை ஏறுனா மொதப் படியிலயே மூக்கு ஒடையும். மோருக்காரிக்குக் கால் தெரியணும். ஓடிப் பொழைக்கிறவ." பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு படைக்கும் விக்கிறாளே, ரெண்டு பேரும் அவளத் தன் ஆளுன்னு எப்டி நம்புறான்?" என்று கேட்டாள்.

உண்டாக்கினவன் நான், ஆனால் அவள் அதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. துரைக்கண்ணுதான் மெதுவாக எழுந்தான். பானை இருப்பது போல இடது தோளில் கையை வைத்துக்கொண்டு நடந்தான். சட்டென்று திரும்பிப் பானையை வலது தோளுக்கு மாற்றினான்.

"பான மறைக்கிற பக்கத்த ஒருத்தனும் பாக்க மாட்டான்," என்றான்.

பாய் டேப்பைக் கீழே போட்டார். கல்யாணத்துக்கு வாசிக்கிற பேண்டு செட்டுக்காரர்கள் விட்டுப்போன பழைய கோட்டுகள் இரண்டு மூலையில் கிடந்தன. சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு கை, நீலக் கோட்டிலிருந்து ஒரு கை. இரண்டையும் ஒரே ரவிக்கையில் வைத்துத் தைத்தார். கோட்டைக்குள் போகும்போது அந்தப் படையின் சிவப்பு தெரியும், வெளியே வரும்போது பகைவரின் நீலம் தெரியும்; மற்ற கையைப் பானை மறைத்துவிடும். கண்டாங்கிச் சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொன்னாள் மெஹபூப் பீ. திருட்டுத் தண்ணீருக்கு இடுப்பில் ஒரு தோல்பை. மாட்டிக்கொண்டு துரைக்கண்ணு கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். சின்னப்பொண்ணு நடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிரீடத்தில் மட்டும் வாத்தியார் அசையவில்லை. "கட்டியங்காரனத் தவிர எவனும் வெறுந்தலையோட ஆட்டத்துக்கு வந்ததில்ல. எங்க நைனா காலத்துலேருந்து அதான் மொற," என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கிரீடத்துக்குப் புதுச் சாயம் பூசி, பாய் கடைக் கூரையில் காய வைத்தோம்.

அப்போதுதான் கோட்டைக் குரங்கு வந்தது. கிழட்டு ஆண் குரங்கு. கிரீடத்தை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, கண்ணாடிச் சில்லில் தன் பல்லையும் பார்த்துக்கொண்டு, தலையில் வைத்துக்கொண்டு, கூரை கூரையாகத் தாவிப்போய் ஒரு புளியமரத்துக் கிளையில் உட்கார்ந்தது. நாங்கள் மூச்சிரைக்க ஓடினோம். அதற்குள் மரத்தடியில் கூட்டம். நடுவில் பவுனம்மாள். கீரைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தாயே, கொரங்கு ரூபத்துல வந்துட்டியா!"

துரைக்கண்ணு மரத்தை அண்ணாந்து பார்த்தபடி அவளை இடித்துவிட்டான். அவள் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா எரும மாதிரி முட்டிக்கினு நிக்கிற? தள்ளு அந்தாண்ட!"

துரைக்கண்ணு நகரவில்லை. என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "தள்ளச் சொன்னாடா! என்ன எரும மாதிரின்னுட்டாடா!"

இத்தனை வருஷமாக அந்த ஊர் கும்பிட்டது இவனை அல்ல, அந்த மரக்கட்டையை. வாத்தியாரும் வந்து பார்த்தார். குரங்கு இறங்குவதாக இல்லை. தேங்காய், பழமெல்லாம் மேலேயே வந்துகொண்டிருந்தது, அது எதற்கு இறங்கும்?

"சரி, தலையில எதையாவது வெச்சுத் தொலைங்க," என்று போய்விட்டார்.

மெஹபூப் பீ பாயின் பழைய கட்டம்போட்ட லுங்கியை முறுக்கிச் சும்மாடு செய்து கொடுத்தாள். தோள் வலித்தால் தலையில் ஏற்றுகிற பானையைத் தாங்குவதற்கு. மோர்க்காரிக்கு அதுதானே கிரீடம்.

சந்தையில் ஆட்டம். திரைக்குப் பின்னால் துரைக்கண்ணுவின் சலங்கை அவன் ஆடாமலே ஒலித்தது. "யாரும்மா அது, வெயில்ல பானையத் தூக்கிக்கினு?" என்று கேட்டேன். திரை விலகியது.

சந்தையில் மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்திக்கொண்டன. முன்வரிசையில் பவுனம்மாள் தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். கற்பூரத்தை எடுக்கப் போனவள் கையை நிறுத்தி உற்றுப் பார்த்தாள். சும்மாட்டைப் பார்த்தாள். சிவப்புக் கையைப் பார்த்தாள். பானையை அடுத்த தோளுக்கு மாற்றியதும் நீலக் கையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த தோல்பையைப் பார்த்தாள். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறிவிட்டுக் கத்தினாள்:

"அடியேய்! போன அமாவாசைக்கு எனக்குத் தண்ணி மோர வித்துட்டுப் போனவ இவதான்! புடிங்கடி அவள!"

துரைக்கண்ணு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"தண்ணியா? அது செட்டிக்குளத்துத் தண்ணி ஆயா, மோரவிட ஒசத்தி! மோருதான் அதுல கலப்படம்!"

முதலில் பவுனம்மாள்தான் சிரித்தாள். பிறகு சந்தை முழுக்க. பல்லி வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் கோட்டைக் களஞ்சியத்துப் புறாக்கள் தூரத்துப் பனமலை வரைக்கும் பறந்துபோய்விட்டன. கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் இருக்கிற பீரங்கி அரை அடி நகர்ந்தது. தடம் இன்றும் இருக்கிறது, காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் துரைக்கண்ணு டீக்கடைக்குள் நுழைந்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "ஏ தண்ணி மோரு! வெளிச்சத்த மறைக்காத, உக்காரு!" என்று ஒரு குரல் வந்தது. அவன் பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, பல வருஷத்து மூச்சை ஒரே மூச்சாக விட்டான். அந்த நேரம் பூவாயி தேடிக்கொண்டு வந்தாள். "வூட்டுல ஒரு பொட்டு அரிசி இல்ல, இங்க இன்னா ராஜா மாதிரி நீட்டிக்கினு?" என்று கன்னத்தைத் தொடாமலே ஆரம்பித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டி, கடைசி வசை வரைக்கும் கேட்டான். சலங்கையை வாத்தியாரிடம் அவன் கொடுக்கவே இல்லை.

இத்தனையும் என் இரண்டு கண்ணால் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே டீயைக் குடித்தவன் நான். நான் செஞ்சியில் முதன்முதலாக வந்து பஸ்ஸை விட்டு இறங்கியது எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில்தான் என்பதை மட்டும் யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம், எனக்கு டீயில் சர்க்கரை வேண்டும்.