போனை முதலில் வைப்பது யார்

அந்தப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தைப் புள்ளிவிவரக் கணக்கால் அளக்கும் எகனாமெட்ரிக்ஸ் பேப்பர் என்றாலே சீனியர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல. முதல் வாரம் வகுப்பு நிரம்பி வழியும். பாதிப் பருவம் தாண்டினால் பின்வரிசைகள் காற்றாடும். ஓடாமல் மிஞ்சியவர்களில் ஒருத்தி ஆபீஸ் அக்கா.

வகுப்பிலேயே மூத்தவள் என்பதால் அந்தப் பெயர். புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. மேற்படிப்பை முடித்தால் பதவி உயர்வோடு சொந்த ஊரிலேயே இடம் என்று மேலதிகாரி ஆசை காட்டிவிட்டார். கணவருக்கோ ஊர் ஊராகச் சுற்றும் உத்தியோகம். ஒன்றாம் வகுப்புப் போகும் மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பி வந்தாள். கல்லாவது கத்தரிக்காயாவது! ஹாஸ்டலில் மகளின் பழைய கவுன் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

தினமும் சாயங்காலம் போன் பேசுவாள். ஆரம்பத்தில் மகள் லேசில் விடமாட்டாள். பக்கத்தில் உட்காருகிறவள் பென்சிலைக் கடித்தது, பெரியம்மா வீட்டுப் பூனை தும்மியது என்று ஒன்று விடாமல் வரும். போகப் போக அது சுருங்கி, சாப்பிட்டேன், தூங்கினேன் என்ற அளவில் வந்து நின்றது. குழந்தை தன்னை மறந்துகொண்டிருக்கிறாளோ என்ற பயம் அவளுக்குள் புகுந்தது அப்போதுதான். அக்காவிடம் கேட்கலாம். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ படிக்கிற வேலையைப் பார் என்பாள். அக்காக்கள் வேறென்ன சொல்வார்கள்?

இந்த நேரத்தில்தான் பருவ ஆய்வு வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு கேள்வி எடுத்து, புள்ளிவிவரம் திரட்டி, எது எதைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ரிக்ரெஷன் கணக்கை ஓட்டி, வகுப்பின் முன் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் வெங்காய விலை, மழை, பஸ் கூட்டம் என்று கிளம்பினார்கள். ஆபீஸ் அக்கா தன் போனைத் திறந்து, மகளோடு தினமும் எத்தனை நிமிஷம் பேசினாள் என்பதை யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். "இரு ஊர்களில் வாழும் இருவர்" என்று மட்டும் தலைப்பில் எழுதினாள். வாரங்கள் போகப் போக அந்த இருவரின் பேச்சு கூடுகிறதா, குறைகிறதா? மனசு சொல்வது பொய் என்று கணக்காவது சொல்லாதா என்ற நப்பாசை.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கழித்தல் குறியோடு ஓர் எண் வந்து நின்றது. பக்கத்தில் மூன்று நட்சத்திரம். அது தற்செயலாக வந்த எண் அல்ல, நம்பலாம் என்பதற்கான அடையாளம் அது. லேபில் பக்கத்து நாற்காலிக்காரி, சுருட்டை முடி என்பதால் சுருட்டை என்றே பெயராகிவிட்டவள், எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மூணு ஸ்டாரா அக்கா, கொடுத்துவெச்சவங்க, எனக்கு மருந்துக்குக்கூட ஒண்ணு விழல என்று புலம்பினாள். ஆபீஸ் அக்கா சிரித்து வைத்தாள். பிறகு கழிவறைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

விடவில்லை. பள்ளி விடுமுறைகளைச் சேர்த்துப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தாள், மழையைக்கூடச் சேர்த்தாள். அந்தக் கழித்தல் குறி அசைந்து கொடுக்கவில்லை. சரி, போதும் என்று முடிவெடுத்தாள். ஆய்வை வாசித்துவிட்டு, பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போய்விடுவது. பதவி உயர்வும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பெற்ற பிள்ளை யாரோவாகிப் போன பிறகு பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வாசித்து முடித்ததும், சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த இன்னொருவர் எழுந்து, அதில் ஓட்டை கண்டுபிடித்து உடைக்க வேண்டும். உடைக்கிறவருக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் சிநேகிதமெல்லாம் வாசலோடு சரி. ஆபீஸ் அக்காவின் ஆய்வை உடைக்கச் சுருட்டையின் பெயர் வந்தது.

ஆபீஸ் அக்கா தடுமாறாமல்தான் வாசித்தாள். இருவரில் இரண்டாமவருக்கு முதலாமவர்மேல் இருந்த ஒட்டுதல் வாரா வாரம் குறைந்துவருகிறது என்று முடித்தபோது மட்டும் குரல் கொஞ்சம் கம்மியது.

சுருட்டை எழுந்தாள். "பேச்சு குறைஞ்சிருக்கு, சரி. ஆனா அது ரெண்டாமவராலதான்னு எப்படிச் சொல்றீங்க? முதல்ல போனை வைக்கறது யாருக்கா?"

மகள்தான் என்று சொல்ல ஆபீஸ் அக்கா வாயைத் திறந்தாள். மகள் போனை வைத்த ஒரு நாளாவது ஞாபகத்துக்கு வருமா என்று தேடினாள். வந்ததெல்லாம் தன் குரல்தான். சரிடா கண்ணு, அம்மாவுக்கு வீட்டுப்பாடம் இருக்கு. சரிடா, லேபை மூடிடுவாங்க. சரிடா, நாளைக்குச் சொல்லு. வாரத்துக்கு வாரம் பாடம் கழுத்தை நெரிக்க நெரிக்க, அவள்தான் வாரத்துக்கு வாரம் சீக்கிரமாக வைத்திருக்கிறாள். மழையைக்கூடக் கணக்கில் சேர்த்த புத்திசாலி, தன்னைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

"நான்தான்," என்றாள். "நான்தான் வைப்பேன். அந்த ரெண்டாமவர் என் பொண்ணு."

சுருட்டைக்கு முகம் வெளுத்துவிட்டது. மதிப்பெண் போட வேண்டிய பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். ஆபீஸ் அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து ஊருக்கு அடித்தாள். பள்ளி விட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

மகளே எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே மூச்சு விடாமல் கொட்டினாள். "சாப்பிட்டேன், வீட்டுப்பாடம் எழுதிட்டேன், சண்டை போடல, நீயும் சாப்பிடு, போனை வெச்சிடும்மா."

எங்கே ஓடுகிறாய் என்று ஆபீஸ் அக்கா கேட்டாள். அம்மா படிக்கிறாள், அவளுக்கு நேரமில்லை, சுருக்கமாகப் பேசு என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாளாம். ஆக, குழந்தை மறக்கவில்லை. அம்மாவுக்காகச் சுருக்கிப் பேசப் பழகியிருக்கிறாள். பரீட்சையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை என்று அவளுக்கு நெஞ்சு லேசானது.

"இன்னைக்கு அம்மாவுக்கு எந்த வேலையும் இல்லடா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு."

"நிஜமாவா?"

"நிஜமா."

மகள் வருத்தத்தோடு சொன்னாள். "மத்ததெல்லாம் பெரியம்மாகிட்ட சொல்லிட்டேனேம்மா."

அந்த வீட்டுக் கூடத்தில், பெரியம்மா உட்காருகிற இடத்தில், இந்த நிமிஷமே போய் உட்கார்ந்துவிட வேண்டும்போல ஆபீஸ் அக்காவுக்கு ஏக்கமாக இருந்தது. அதையெல்லாம் எனக்கும் ஒரு தடவை சொல்லு என்றாள்.

மகள் யோசித்தாள். பிறகு, வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்.

"எதுலேருந்து சொல்லட்டும்?"