முகத்தில் காட்டக் கூடாது

ஜட்கா வண்டி மல்லேஸ்வரம் போய்ச் சேரும்வரை டோரதி டீச்சர் பேர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வகுப்புப் பிள்ளைகளின் பேர், அவர்களைப் பெற்றவர்களின் பேர், மாதா கோவிலில் இருந்துவிட்டுப் போன சாமியார்களின் பேர். ஒரு பேர் தடுக்கினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போன வாரம் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். தாயும் மகளும் இவளிடமே படித்தவர்கள், போகட்டும். மறுநாள் காலை ஜெபத்தில், பள்ளிக்கூடமே கைகூப்பி நிற்க, 'எங்கள் அனுதின உணவை' என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். தலைமையாசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "ஒரு புரொஃபசர்கிட்ட ஞாபகசக்தி டெஸ்டுக்குப் போறீங்கல்ல, அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க டீச்சர், கமிட்டிக்குக் காட்ட சவுகரியமா இருக்கும்" என்று வெகு இனிமையாகச் சொன்னாள். லெட்டர் இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்பது ஜோகுபாளையத்தில் தம்பி தியோடரின் பின்கட்டு அறை. கையில் சம்பளம் இருக்கும்போதே தம்பி பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

அந்தப் புரொஃபசர் சீனிவாசராகவனுக்கு வாலிபத்தில் பிடித்த பைத்தியம் இது. வயதானால் புத்தி மழுங்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அதே ஆட்களைக் கிழவராகும்வரை விடாமல் தொடர்ந்து யாராவது பார்த்தார்களா? தானே பார்ப்பதென்று கிளம்பினார். வாத்தியார், ரயில்வே கார்டு, சமையல்காரர் என்று அகப்பட்டவர்களைப் பிடித்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்தார். சிலர் செத்துப்போனார்கள், சிலர் கோலாருக்குப் போனார்கள், சிலர் அவரைக் கண்டாலே ஓட ஆரம்பித்தார்கள். இளம் வயதில் வேடிக்கைக்கு வந்து மாட்டிக்கொண்ட டோரதி மட்டும் நேர்ச்சை போல வந்துகொண்டிருந்தாள். அவர் காலேஜிலிருந்து ஓய்வு பெற்றார்; ஆராய்ச்சிக்கு ஓய்வில்லை.

அவரிடம் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஒரு வார்த்தை வராமல் இவள் தவிக்கும்போது அவர் முகம் பூட்டிய கடை மாதிரி இருக்கும். "ஒத்தாசை பண்ணப்படாது. முகத்துல காட்டக்கூடப் படாது. அதுதான் ரூல்" என்பார். அந்த முகத்தை மனதுக்குள் வைதுவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதையும் சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கும் தன் வீட்டுக் கூடத்தில் வழக்கம்போல ஆரம்பித்தார். "உங்க சாமான் ஏதாவது ஒண்ணு குடுங்கோ."

ஜெபமாலையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடைக்குள் அதைப் போட்டார். "நான் ஆச்சுன்னு சொன்னதும் நீங்களா எங்கே இருக்குன்னு சொல்லிக் கேட்டு வாங்கிக்கணும்."

பிறகு வார்த்தைகளைப் படித்தார், அவள் திருப்பிச் சொன்னாள். எண்களைத் தலைகீழாகச் சொன்னாள். கதை சொல்லிக் கேள்வி கேட்டார். பெரிய விபத்தில்லை. கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆச்சு."

"சார், என் ஜெபமாலை. குடைக்குள்ள போட்டீங்களே."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். நிஜமான வருத்தம் தெரிந்தது. "இல்லையே, மிஸ் டோரதி. அலமாரி டிராயர்லன்னா வச்சேன்." காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

டோரதி மூலையிலிருந்த குடையைப் பார்த்தாள். டிராயர் போன தடவை அல்லவா? இல்லை, போன தடவைதான் குடையோ? போன தடவை நல்ல வெயில், கூடத்தில் குடைக்கு என்ன வேலை? ஆனால் அந்த வெயிலும் ஞாபகம்தானே, அதை மட்டும் எப்படி நம்புவது? சொல்வது புரொஃபசர். ஜெபத்தை நடுவில் மறந்தவள் இவள். 'ஆமாம் சார், டிராயர்தான்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள்.

திருப்பிக் கொடுப்பதற்காக அவர் டிராயரை இழுத்தார். பழைய பேப்பரும் கற்பூர டப்பாவும் இருந்தன. பேப்பரைத் தூக்கிப் பார்த்தார். மேல் டிராயரைப் பார்த்தார். மறுபடி கீழ் டிராயரைப் பார்த்தார்.

"நீங்க எடுத்துண்டேளா?"

"நாற்காலிய விட்டு நான் எழுந்திருக்கவே இல்லியே, சார்."

சமையலறை வாசலில் காபியோடு அவர் மனைவி அனந்தலக்ஷ்மி நின்றிருந்தாள். "குடையத்தான் பாருங்கோளேன்" என்றாள் மெதுவாக. அந்தக் குரலில் ஆச்சரியமே இல்லை.

அவர் போய்க் குடையை விரித்தார். ஜெபமாலை தரையில் விழுந்து சிதறாமல் கிடந்தது.

அப்பாடா! டோரதிக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. என் புத்தி என்னிடம்தான் இருக்கிறது, லெட்டர் வரும், வேலை நிலைக்கும், மாதாவே ஸ்தோத்திரம்! பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

விரித்த குடையை மடக்கத் தோன்றாமல் அவர் மனைவியைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"போன தீபாவளிலேர்ந்து" என்றாள் அனந்தலக்ஷ்மி. காபியை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்து பெருக்கல் குறியை அடித்தார். கமிட்டிக்கு லெட்டரும் எழுதினார். 'தேதி சரியா இருக்கா, பாருங்கோ' என்று நீட்டினார். சரியாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து, "நீங்க இங்க வாங்கோ" என்று தன் நாற்காலியைக் காட்டிவிட்டு, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ பேரைச் சோதித்தவர். அந்தப் பட்டியலில் அவர் பேர் இருந்ததில்லை.

"புதுசா நீங்களே பத்து வார்த்தை எழுதிப் படியுங்கோ. ரூல் தெரியுமோல்லியோ?"

"தெரியும், சார்."

எழுதிப் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "மல்லி. ஏணி. தபால். புடவை..." அதோடு நின்றார். கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார், வகுப்பில் பிள்ளைகள் பார்ப்பது போல. அடுத்தது 'கிணறு'. அது டோரதியின் நாக்கு நுனியில் நின்றது. உதடு அதைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்தாள். மேஜைக்குக் கீழே ஜெபமாலையை இறுக்கினாள். அவருக்கு அந்த வார்த்தை வரட்டும் ஆண்டவரே என்று மன்றாடினாள். இத்தனை வருஷம் அந்தப் பூட்டிய முகத்துக்குள் அவரும் இப்படித்தான் இருந்தாரோ என்று அப்போதுதான் தோன்றியது.

"வரல்லே. எழுதிக்கோங்கோ" என்றார்.

எழுதினாள். கிளம்பும்போது, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "மறுபடி எப்போ சார் வரணும்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் நிறுத்தினார். வாசல்வரை கூடவே வந்தார்.

"அடுத்த மாசமே வந்துடுங்கோ" என்றார்.