இரண்டு பக்க ஆமென்

சபையின் பெரிய போதகர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து, மெக்கானிக்குக்கும் அவர் மனைவியின் அண்ணனான பல் டாக்டருக்கும் ஆகவில்லை. இருவரும் சபைக் கமிட்டியில் இருந்தார்கள். நம்மோடு இத்தனை காலம் உழைத்த உதவிப் போதகரையே அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றார் மெக்கானிக். வெளியிலிருந்து ஒருவர் வந்தால்தான் சபை உருப்படும் என்றார் டாக்டர். சபையும் இரண்டாகப் பிரிந்து நின்றது. உதவிப் போதகரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டங்களில் அவர் எல்லோருக்கும் தேநீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரிய போதகருக்கு அலுத்துவிட்டது. பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், வாக்கெடுப்புக்கு முன் வாரம் முழுக்க மாலையில் கூடி ஜெபிப்போம் என்றார். இரு தரப்பும் உடனே சம்மதித்தன. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் மாலையே டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, பிரிச்சுப் போட்ட இன்ஜினைத் திரும்ப மாட்டத் தெரியாதவங்க கையில உம்முடைய சபையைக் கொடுக்காதேயும்" என்று வேண்டினார். ஜன்னல் ஓர வரிசைகளிலிருந்து ஓங்கி ஆமென் வந்தது.

மெக்கானிக் சும்மா விடுவாரா? "ஆண்டவரே, ஆடாத பல்லையும் பிடுங்கியே பழகினவங்க, நல்லா இருக்கிற சபையையும் பிடுங்கப் பாக்குறாங்க. தடுத்தருளும்" என்றார். கதவுப் பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய ஆமென்.

அடுத்தடுத்த மாலைகளில் ஜெபங்கள் நீண்டன. யார் பக்க ஆமென் பெரிது என்று பார்ப்பதற்காகவே சிலர் உறவினர்களையும் கூட்டி வந்தார்கள். பெரிய போதகர் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்கின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வார்டையே பார்வையால் அடக்குகிறவர். ஒரு மாலை, அண்ணன் ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்றார்.

"ஆண்டவருக்கு உங்க ரெண்டு பேரையும் நல்லாவே தெரியும். தினமும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டாம். இன்னைக்கு அவங்கவங்களுக்கு வேண்டியதை மட்டும் கேளுங்க. அடுத்தவங்க பேச்சே வரக்கூடாது."

கணவரையும் அண்ணனையும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட வைத்தார். அடுத்தவரைப் பற்றிப் பேசக்கூடாது என்றதும் இருவருக்கும் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போயிற்று. மெக்கானிக் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

கடைசியில், "ஆண்டவரே, பெரிய ஐயா போறதே எனக்குப் பிடிக்கல. எங்க கல்யாணத்தை நடத்தி வச்சவரு. எங்கப்பாவை அடக்கம் பண்ணவரு. புதுசா வர்றவருக்கு நான் யாருன்னே தெரியாது" என்றார்.

டாக்டர் கண்ணைத் திறக்காமலே, "எனக்கும் அதுதான் மாப்பிள்ளை" என்றார். ஜெபத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று இரு பக்கமும் விழித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. உதவிப் போதகர்.

"ஆண்டவரே, எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். பிரசங்கம்னாலே முந்தின ராத்திரி தூக்கம் போயிடுது. சின்னப் பிள்ளைங்களோட இருக்கத்தான் ஆசை. இவங்க கிட்ட சொல்லப் பயமா இருக்கு, நீரே சொல்லிடும்."

எல்லாக் கண்களும் ஒரே சமயத்தில் திறந்தன. மெக்கானிக் எழ முயன்றார், முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்டர்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். இருவரும் உதவிப் போதகரைப் பார்த்தார்கள். பெரிய போதகர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டு ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்தே ஆள் வந்தார். மெக்கானிக் சில வாரம் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு மழை நாளில் புதிய போதகரின் பழைய கார் வழியில் நின்றுவிட, போய்ச் சரிசெய்துவிட்டு நனைந்தபடி வீடு வந்தார். ஆள் எப்படி என்று மனைவி கேட்டார்.

"பரவாயில்ல. இன்ஜினைப் பத்தி ஒரு யோசனையும் சொல்லல. பேசாம நின்னு டார்ச் பிடிச்சாரு" என்று சொல்லிவிட்டு, தலையைத் துவட்டத் துண்டு தேடினார்.