கறுக்காத பட்டை

பல் சுத்தம் செய்யும் படிப்பில் ஊரார் வாயைத் திறக்க வைப்பதுதான் வேலை. அதைப் படிக்க வந்த வாயாடிக்கோ தன் வாயை மூடுவதே பெரும்பாடு. போன பருவத்தில் நோயாளி முன்னாலேயே குழுத்தலைவனோடு மல்லுக்கு நின்றதால், குழுப்பணித் தேர்வில் தோற்றாள். "பின்னால நிக்கவும் தெரியணும்மா. இந்தத் தடவையும் கோட்டை விட்டா படிப்பை விட்டுற வேண்டியதுதான்," என்று மார்க்குப் போடும் மேடம் சொல்லியிருந்தார்.

ஆகவே மறுதேர்வன்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். வாய்த்த தலைவனோ சேர்மன். பட்டப்பெயர்தான். கையுறை மாட்டுவதைக்கூடத் திறப்புவிழா போலச் செய்யும் சீனியர்.

"குழுங்கிறது ஒரு உடம்பு. நான் மூளை," என்றான்.

"அப்ப நான் யாருண்ணா?"

"கை. கை யோசிக்கக் கூடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தொட்டால் ரத்தம் கசிகிற ஈறு. மேடம் சுவரோரம் நின்றார். அவருக்குக் கேட்கும்படி, ஈறு நலமும் மனிதகுல முன்னேற்றமும் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றியபடியே சேர்மன் கருவிப் பொட்டலத்தைக் கிழித்துத் தட்டில் கொட்டினான். பொட்டலத்தைப் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். நீராவி இயந்திரத்தில் வெந்து கிருமி நீங்கி வந்திருந்தால் அதன் ஓரத்துப் பட்டை கறுத்திருக்க வேண்டும். இதுவோ குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாகவே இருந்தது. யாரோ மாற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

சொன்னால் போன தடவைக் கதைதான். சொல்லாவிட்டால், எவர் வாயையோ சுரண்டிய கொக்கி இவர் ஈறில் இறங்கும்.

சேர்மன் கொக்கியை எடுக்கப் போனபோது அவள் உள்ளங்கை தட்டை மூடியது.

"அண்ணா, பட்டை கறுக்கல," என்றாள், மெதுவாக.

"கையை எடு. இங்க தலைவர் யாரு?"

போன பருவமாக இருந்தால் அதற்கு ஒரு மூட்டை பதில் வைத்திருப்பாள். இப்போது ஒன்றையும் அவிழ்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

டிரைவர் வாயில் வைத்திருந்த எச்சில் உறிஞ்சும் குழாயைத் தானே பிடுங்கினார். "தம்பி, காலம் பூரா பஸ் ஓட்டினவன் நான். கண்டக்டர் விசிலடிச்சா முதல்ல நிறுத்துவேன். எதுக்குய்யா அடிச்சேன்னு அப்புறம்தான் கேப்பேன்."

சேர்மன் குனிந்து பார்த்தான். காதுமடல் இரண்டும் பட்டையைவிடச் சிவந்தன.

"என்ன, வண்டி நின்னுடுச்சா?" மேடம் பக்கத்தில் வந்தார்.

சேர்மன் நிமிர்ந்தான். "பட்டையை நான் பாக்கல மேடம். இவதான் நிறுத்தினா." அவன் ஆற்றிய உரைகளிலேயே சிறியது. கேட்கும்படியாக இருந்ததும் அது ஒன்றுதான்.

மேடம் வாயாடியின் பக்கம் திரும்பினார். "போன தடவை தலைவனை நிறுத்த ஊரையே கூட்டின. இன்னைக்கு?"

"மூணே வார்த்தை, மேடம்."

"அதுக்குத்தான் மார்க்கு. குழுப்பணியில பாஸ். போய் மீதி வேலையப் பாருங்க."

கையுறை மாற்றி, புதுத் தட்டு வைத்து, சேர்மன் வேறு பொட்டலம் எடுத்தான். கிழிக்காமல், முதலில் அவள் கண்ணுக்கு நேரே நீட்டினான்.

"பாத்துச் சொல்லு, கை."

"கறுத்திருக்கு, மூளை. கிழிங்கண்ணா."

டிரைவர் யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தார்.