மன்னிப்புக் கம்பெனி, பின்பக்கம்

கனடாவின் தண்டர் பே நகரத்தில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து வருஷக்கணக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவன் டேரில் குஸிக். இணையம் வரவில்லை என்றால் மன்னிப்பு. வந்தும் ஆமை வேகத்தில் வந்தால் மன்னிப்பு. கூப்பிட்டவர் நம்பர் மாறிக் கூப்பிட்டிருந்தால் அதற்கும் மன்னிப்பு. ஒருநாள் நிறுவனம் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, டேரிலிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் அவனை வீட்டுக்கு அனுப்பியது.

தெரிந்த ஒரே தொழிலை வைத்து அவன் கம்பெனி தொடங்கினான். பிறருக்காகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரும் கம்பெனி. அந்த ஊரில் கதவு இடித்தால் கதவிடமே 'சாரி' சொல்வார்கள். சின்ன விஷயங்களுக்கே சாரியெல்லாம் செலவாகிவிடுவதால், அண்ணன் தம்பிச் சண்டை மாதிரிப் பெரிய விஷயங்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அங்கேதான் வியாபாரம் இருக்கிறது என்பது டேரிலின் கணக்கு.

பதிவு செய்ய ஒரு முகவரி வேண்டும். அவனும் மனைவி நடீனும் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் ரெய்னோ லாத்தெலா கீழே தனியாக இருந்தார். எழுத்தில் அனுமதி வாங்காமல் வீட்டில் தொழில் நடத்தினால் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கேட்டிருக்கலாம்தான். ஆனால் ரெய்னோ பின்லாந்து வம்சம். 'குட் மார்னிங்' சொன்னால்கூட, இதில் ஏதும் வில்லங்கம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். நடீனுக்கோ ஜனவரியில் பிரசவம். அந்தக் குளிரில் கைக்குழந்தையோடு வீடு தேடினால் ஊரில் எல்லாரும் பரிதாபப்படுவார்கள். வீடு மட்டும் தரமாட்டார்கள்.

அதனால் டேரில் மூளையைப் பயன்படுத்தினான். பதிவுப் படிவத்தில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் 'பின்பக்கம்' என்று சேர்த்தான். பின்பக்கம் என்றால் வீடு ஆகாதே.

"பின்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள் நடீன்.

"ஒண்ணுமில்லை. ரெய்னோவோட சவுனா."

ரெய்னோ தன் கையால் கட்டிய மரக் குடில் அது. உள்ளே அடுப்பு, அடுப்பின் மேல் பழுக்கக் காய்ந்த கற்கள், எதிரே படிப்படியாகப் பலகைகள். சாயங்காலமானால் ஒட்டுத்துணி இல்லாமல் மேல் பலகையில் உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார்.

கம்பெனி பதிவானது. டேரில் மாடியில் கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தான். ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆனால் இணையத்தில் மட்டும் நட்சத்திரங்கள் குவிந்தன.

"ஆலோசகர் உடை அணிவதில்லை. ஒளிவுமறைவற்ற நிறுவனம். அஞ்சு நட்சத்திரம்" என்றது ஒன்று. "அக்காவுக்கு நான் செய்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கல்லில் தண்ணீர் ஊற்றினார். வீட்டுக்குப் போனதும் அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன்" என்றது இன்னொன்று. "காத்திருக்கும் இடத்தில் குளிர் அதிகம், உள்ளே வெக்கை அதிகம்" என்று ஒருவர் மட்டும் ஒரு நட்சத்திரம் குறைத்திருந்தார்.

"யாரோ கலாய்க்கிறாங்க" என்றான் டேரில்.

நடீன் சமையலறை ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள். "டேரில், இங்க வா. உன் கஸ்டமருங்க துண்டோட நிக்கிறாங்க."

பனியில் ஒரு வரிசை. மேலே குளிர்கோட்டு, கீழே துண்டு, காலில் பூட்ஸ். வரைபடம் பார்த்துப் பின்பக்கம் வந்தவர்கள் நேரே சவுனாவுக்குள் போய், மேல் பலகையில் இருந்த மனிதரிடம் மனதைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"போச்சு. அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள் நடீன். "தெரிஞ்சும் வாயைத் திறக்கலைன்னா, காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ரெடி பண்றார்னு அர்த்தம். கீழ போய் மன்னிப்புக் கேளு."

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்..."

"ஏய், நெட் போனப்ப சொல்ற டயலாக்கை எடுத்துவிடாத. உனக்குன்னு சொந்தமா ஒரு சாரிகூட இல்லையா?"

யோசித்துப் பார்த்தான். இல்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, வரிசையில் நின்றான். பின்னால், தெருவில் பனியை ஒதுக்கும் வண்டி ஓட்டும் கர்ட்டிஸ் வந்து சேர்ந்தான்.

"முதல் தடவையா பாஸ்?"

"நான்தான் இந்தக் கம்பெனி ஓனர்."

"நல்லது. உள்ள போனா அதையும் சொல்லிருங்க, மனசு லேசாயிடும். நான் பக்கத்து வீட்டுக்காரன் காரைப் பனியில மூடிட்டேன்."

"தெரியாமலா?"

"மூணாவது தடவை வரைக்கும் தெரியாமதான்."

டேரிலின் முறை வந்தது. ரெய்னோ மேல் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டேரில் கீழ்ப் பலகையில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, "தங்கள் முகவரியை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தியதால் தங்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய..." என்று ஆரம்பித்தான். ரெய்னோ அகப்பையால் மொண்டு கல்லில் ஊற்றினார். ஆவி சீறி எழுந்து டேரிலின் வாக்கியத்தை நடுவில் முறித்தது. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி ஊற்றினார். நீளமாகப் பேச மூச்சு இல்லை.

"கேக்காம செஞ்சுட்டேன்" என்றான் கடைசியில். "கேக்க பயம். குழந்தை வரப்போகுது. எங்களுக்குப் போக இடமில்லை."

ரெய்னோ தலையை ஆட்டினார். ஆட்டினாரா, வேர்வையை உதறினாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு இறங்கி வெளியே போனார். டேரில் பின்னாலேயே ஓடினான். சவுனாவின் முன்னறையில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார் ரெய்னோ.

"உள்ள என்னமோ சொன்னியே. என்னது?"

டேரிலுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வேர்வை உறைந்தது. இவருக்கு எதுவும் தெரியாது. அக்கா கதையும் தெரியாது, கம்பெனியும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு மாடியேறினால் போதும், வீடு மிஞ்சும்.

"சூடு... நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"சார், நம்பாதீங்க" என்று கர்ட்டிஸ் வாசலிலிருந்து தலையை நீட்டினான். "உங்க கம்பெனிக்கு இவன்தான் ஓனராம். வெளியில சொல்லிக்கிட்டுத் திரியறான்."

"என்ன கம்பெனி?" என்றார் ரெய்னோ.

வரிசையே எட்டிப் பார்த்தது. மாடி ஜன்னலில் நடீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டேரில் எல்லாவற்றையும் சொன்னான். பல் கிடுகிடுத்ததால் அலங்காரம் எதுவும் சேரவில்லை.

ரெய்னோ யோசித்தார். துண்டு கட்டியவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

"இவங்க உன் சொந்தக்காரங்க இல்லையா?"

"இல்லை, மிஸ்டர் லாத்தெலா."

"குளிக்க வர்றாங்கன்னு நினைச்சேன். வாய் அசைஞ்சுகிட்டே இருக்கும். பாட்டுப் பாடறாங்கபோலன்னு விட்டுட்டேன்."

"நாங்க காலி பண்ணணுமா?"

அதற்கும் யோசித்தார். கர்ட்டிஸ் தும்மினான்.

"குழந்தையை வெச்சிக்கிட்டு எங்க போவீங்க? இங்கயே இருங்க. கம்பெனியும் இருக்கட்டும். எழுதித் தரேன்." காது மெஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "யாரும் என்னைப் பதில் கேக்கக் கூடாது."

உள்ளே போய்விட்டார். ஆலோசகருக்குக் காது கேட்காது என்ற செய்தி வரிசையில் ஒவ்வொருவராகப் பின்னால் போய்ச் சேர்ந்தது. இனி யார் நிற்கப்போகிறார்கள் என்று டேரில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்படியா சங்கதி!" என்றான் கர்ட்டிஸ். கோட்டைக் கழற்றி டேரிலின் கையில் போட்டுவிட்டு உற்சாகமாகக் கதவைத் திறந்தான். "அப்ப பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டி விஷயத்தையும் சொல்லிரலாம்."