மேஸ்திரியின் வெறும் வயிறு

முயலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது அவள் கணவர். வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பின்னங்கால்களில் எழுந்து நின்று மேற்பார்வை பார்க்கும். தான் ஒரு துரும்பை எடுத்துப் போடாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் வேலை குறைந்துவிட்டது. மேஸ்திரி மட்டும் விடாமல் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அதன் மூத்திரப்பையில் கொண்டைக்கடலை அளவு கல். மறுநாள் காலை ஆபரேஷன். கிளினிக்கிலிருந்து போன் செய்த பெண், "வழக்கம்போல சாப்பிடக் கொடுங்கம்மா. புல்லும் கையோட எடுத்துட்டு வாங்க," என்றாள்.

"ஆபரேஷனுக்குப் போறதுக்குச் சாப்பாடாம்," என்று கொழுந்தனிடம் சிரித்தாள். "வேலைக்குப் புதுசு போல. எதையோ குழப்பிக்குது."

ஆஸ்பத்திரி விதிகள் அவளுக்கு மனப்பாடம். கணவரோடு அலைந்து கற்றது: கத்தி வைப்பதற்கு முன் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பொழுது சாய்ந்ததும் புல், கிண்ணம், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். மேஸ்திரி கூண்டுக் கம்பியைக் கடித்தது. "பொறுத்துக்கோ, உன் நல்லதுக்குத்தான்," என்றாள். அவரிடமும் இதைத்தான் சொல்லியிருந்தாள்.

காலையில் கிளினிக்கில் பக்கத்து நாற்காலிக்காரரின் தோளில் முழ நீளத்துக்கு ஒரு பச்சை ஓணான். கொழுந்தன் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

மேஜைமேல் முயலை வைத்துக்கொண்டு டாக்டரம்மா கேட்டாள்: "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம் டாக்டர். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் காட்டல." பாராட்டுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள்.

டாக்டரம்மா அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"நம்மளப் பட்டினி போடறது மயக்கத்துல வாந்தி வந்துடக் கூடாதுன்னு. முயலால வாந்தியே எடுக்க முடியாதும்மா. அதுக்கு வயிறு காலியானா குடல் நின்னுடும். இது கிட்டத்தட்ட நின்னாச்சு. இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. முதல்ல குடல் ஓடணும்."

"ஓடலன்னா?"

"கல்லால இல்ல, இதாலயே போயிடும்."

அவள் முகம் செத்துப்போனது. கொழுந்தன், "அண்ணி, உட்காருங்க," என்றான். உட்காரவில்லை.

ஊசி போட்டார்கள், தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். புல் மாவைக் கஞ்சியாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார்கள். உதவியாளர் கையில் மேஸ்திரி துள்ளித் துப்பியது.

"இப்படிக் கொடுங்க," என்று அவள் வாங்கிக்கொண்டாள். துண்டால் சுற்றி மடியில் வைத்து, வாயோரமாகச் சிரிஞ்சை நுழைத்து, கொஞ்சம் விட்டு, விழுங்கும்வரை நிறுத்தி, மறுபடி கொஞ்சம். கை தானாகச் செய்தது. கணவருக்குக் கடைசி மாதம் முழுக்கச் செய்த வேலைதான்.

மத்தியானம் வரை கூண்டின் அடியில் விரித்த காகிதம் சுத்தமாக இருந்தது.

"ஒரு புழுக்கைக்காக இப்படித் தவம் கிடப்போம்னு அண்ணன் பார்த்திருந்தா..." என்று கொழுந்தன் தொடங்கி நிறுத்தினான்.

"சிரிச்சிருப்பார்," என்றாள் அவள்.

சாயங்காலம் சுருங்கிய மிளகு போல நாலைந்து விழுந்தன. "டாக்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில், இன்னும் காத்திருந்த ஓணான்காரர் எழுந்தேவிட்டார்.

மறுநாள் வீட்டிலிருந்து கிளினிக் வாசல்வரை மேஸ்திரி மென்றுகொண்டே வந்தது. உள்ளே தூக்கிப் போனபோதும் வாயோரம் பாதிப் புல் நீட்டிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா கல்லைச் சின்னத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதும்மா."

"அப்பாடா! கிளம்பலாம் அண்ணி. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போகலாம்," என்றான் கொழுந்தன்.

'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது' என்பதை வேறொரு வராந்தாவில் நின்று அவள் கேட்டிருக்கிறாள். அன்று நம்பி வீட்டுக்குக் குளிக்கப் போனாள்; திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

"நீ வேணா போ தம்பி," என்று கூண்டுக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேஸ்திரி தலை தொங்கக் கிடந்தது. பிறகு காது அசைந்தது. பிறகு, யாரும் கொடுக்காமலே, பக்கத்தில் கிடந்த புல்லை ஒவ்வொன்றாக இழுத்து மெல்லத் தொடங்கியது. அவள் அப்போதும் எழவில்லை; கொழுந்தனும் போகவில்லை.

காகிதத்தில் ஈரமாக, உருண்டையாக ஒன்று விழுந்தது.

"தம்பி," என்றாள், "இப்ப வண்டிய எடு."